தற்காப்பு ஒருங்கிணைப்பாளர் தேர்வு: கேள்விகளும் பதில்களும்

அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். அணிகளில் ஆண்டுதோறும் ஜனவரி பிறந்ததும் தற்காப்பு ஒருங்கிணைப்பாளர்கள் சிலர் வெளியேறுவார்கள், வேறு சிலர் வருவார்கள். அந்தத் தேர்வு எப்படி நடக்கிறது, எப்படி நடக்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் பல ஆண்டுகளாகத் தற்காப்பு ஆட்டத்தை மட்டுமே கூர்ந்து பார்த்து வருபவன். ஆகவே என் பதில்களும் அந்த எல்லைக்குள்தான் நிற்கும்.

கேள்வி: நான் இந்த விளையாட்டுக்குப் புதியவன். தலைமைப் பயிற்சியாளர் இருக்கும்போது இவர் எதற்கு?

எதிரணியிடம் பந்து இருக்கும் நேரம் முழுவதும் களத்தில் நிற்கும் பதினொரு பேரும் இவருடைய பொறுப்பு. ஒவ்வோர் ஆட்ட நகர்வுக்கும் முன்னால், எத்தனை பேர் குவார்ட்டர்பேக்கை, அதாவது எதிரணியில் பந்தை எறிபவரை, நோக்கிப் பாய வேண்டும், எத்தனை பேர் பின்னால் நின்று பந்து பிடிப்பவர்களைக் காவல் காக்க வேண்டும் என்பதைச் சில நொடிகளில் முடிவு செய்து, தலைக்கவசத்தில் ஒலிபெருக்கி பொருத்திய ஒரே ஒரு தற்காப்பு வீரருக்கு, பெரும்பாலும் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் ஒரு லைன்பேக்கருக்கு, அதைச் சொல்லி அனுப்புவார். இதைத்தான் அழைப்பு விடுப்பது என்கிறோம். எல்லோருக்கும் தெரிவது இந்த வேலை. வாரம் முழுவதும் வகுப்பறையில் அந்த வீரர்களுக்குக் கற்றுக்கொடுப்பது இதைவிடப் பெரிய வேலை. இவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் அதைத்தான் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: ஐயா, 2024இல் பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் விக் ஃபேன்ஜியோவைத் தேர்ந்தெடுத்ததைச் சரியான தேர்வுக்கு உதாரணமாகப் பலரும் சொல்கிறார்கள். உண்மையில் அங்கே என்ன நடந்தது?

கதையைச் சற்று முன்னாலிருந்து தொடங்க வேண்டும். 2022 பருவத்தில் ஈகிள்ஸ் 70 சாக் எடுத்து (எறிவதற்குள் குவார்ட்டர்பேக்கைச் சாய்ப்பது சாக்), இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் கான்சஸ் சிட்டியிடம் 38-35 என்று தோற்றது. அப்போதைய ஒருங்கிணைப்பாளர் ஜோனதன் கேனன், அரிசோனா அணியின் தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு ஷான் தேசாய் வந்தார். என்.எஃப்.எல். அணியொன்றில் ஒருங்கிணைப்பாளர் பதவிக்கு வந்த முதல் இந்திய வம்சாவளியினர் இவர். 2021இல் சிகாகோவில் அந்தப் பொறுப்பை ஏற்றிருந்தார்.

2023 பருவத்தில் அணி முதல் பதினொரு ஆட்டங்களில் பத்தை வென்றது. டிசம்பரில் டாலஸிடம் 33-13 என்று தோற்றபின், ஆட்டத்தின்போது அழைப்பு விடுக்கும் பொறுப்பு தேசாயிடமிருந்து, அணியின் தற்காப்பு உதவியாளராக இருந்த மேட் பட்ரீசியாவிடம் மாற்றப்பட்டது. பருவத்தின் நடுவில் ஒருவர் கற்றுக்கொடுத்த முறையை இன்னொருவர் குரலில் ஆடச் சொன்னால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. மூத்த வீரர்கள்கூட யாரை யார் காக்க வேண்டும் என்று கையை விரித்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்ற காட்சியை அந்த வாரங்களின் காணொளிகளில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கடைசி ஆறு ஆட்டங்களில் ஐந்தில் தோல்வி. அதன்பின் தம்பா பேயிடம் 32-9 என்று தோற்று வெளியேற்றம். அந்தப் பருவம் முழுவதும் 428 புள்ளிகளை விட்டுக்கொடுத்திருந்தார்கள்.

ஃபேன்ஜியோ அப்போது மயாமியை விட்டு விலகியிருந்தார். பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்க்ராண்டனுக்கு அருகில் உள்ள டன்மோரில் பிறந்தவர். 1986 முதல் என்.எஃப்.எல்.இல் பணியாற்றியவர், கரோலைனா, சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ என்று பல அணிகளின் தற்காப்பை நடத்தியவர். 2022 பருவத்தின் இறுதியில் ஈகிள்ஸுக்கே ஆலோசகராகவும் இருந்திருந்ததால், அணிக்கும் அவரைத் தெரியும், அவருக்கும் அணியைத் தெரியும். டென்வரில் அவரோடு பணியாற்றிய கிறிஸ்டியன் பார்க்கரும் பின்கள வீரர்களின் பயிற்சியாளராகப் பிலடெல்ஃபியாவுக்கு வந்தார். இந்தச் சிறிய செய்தியை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன்: முறையை வரைபவர் ஒருவர், அதைப் பிள்ளைகளின் கையில் கொண்டுசேர்ப்பவர் இன்னொருவர், இருவரும் ஒரே மொழி பேச வேண்டும்.

2024இல் அதே அணி விட்டுக்கொடுத்த புள்ளிகள் 303. எதிரணி முன்னேற விட்டுக்கொடுத்த கெஜங்களில் எல்லா அணிகளையும்விடக் குறைவு. சூப்பர் பௌலில் கான்சஸ் சிட்டியை 40-22 என்று வென்றார்கள்.

கேள்வி: இவ்வளவு யோசிப்பானேன்? சென்ற ஆண்டு தற்காப்புத் தரவரிசையில் முதலிடம் பிடித்த அணியின் ஒருங்கிணைப்பாளரைக் கூடுதல் சம்பளம் கொடுத்து அழைத்து வந்தால் போதாதா?

போதாது. முதல் காரணம் விதி: ஒப்பந்தத்தில் இருக்கும் ஒருங்கிணைப்பாளரை அதே நிலைப் பதவிக்கு இன்னோர் அணி அழைத்தால், அவருடைய அணி மறுக்கலாம். தலைமைப் பயிற்சியாளர் பதவிக்கு அழைத்தால் மட்டுமே அப்படித் தடுக்க முடியாது.

இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. ஸ்டீவ் ஸ்பக்னுவோலோ என்ற ஒரே மனிதரை எடுத்துக்கொள்ளுங்கள். 2007 பருவத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸின் தற்காப்பை நடத்தி, அதுவரை தோல்வியே காணாத நியூ இங்கிலாந்தை சூப்பர் பௌலில் 14 புள்ளிகளில் நிறுத்தியவர் அவர். 2012இல் நியூ ஆர்லீன்ஸின் தற்காப்பை நடத்தியபோது அந்த அணி 7,042 கெஜங்களை விட்டுக்கொடுத்தது, என்.எஃப்.எல். வரலாற்றில் ஒரே பருவத்தில் எந்த அணியும் அதுவரை அவ்வளவு விட்டுக்கொடுத்ததில்லை. 2019இல் கான்சஸ் சிட்டிக்கு வந்தபின் அவர் பங்கேற்று வென்ற சூப்பர் பௌல்கள் மூன்று. 2012இன் தரவரிசையை மட்டும் பார்த்து ஓர் அணி முடிவெடுத்திருந்தால், அவரை வாசலில் இருந்தே திருப்பி அனுப்பியிருக்கும். தரவரிசை ஓர் அணியின் உடல்நலம், அட்டவணை, எதிரணி, பயிற்சியாளர் எல்லாம் சேர்ந்த கலவை. அதிலிருந்து ஒருவருடைய பங்கை மட்டும் தனியே பிரித்தெடுக்க இயலாது.

கேள்வி: தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் தேர்வைப் பற்றியும் எழுதுவீர்களா?

மாட்டேன். அது என் துறை இல்லை. அதை ஆழ்ந்து பார்ப்பவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: ஃபேன்ஜியோவைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் ஏற்கவில்லை. அந்த வெற்றி பொது மேலாளர் ஹோவி ரோஸ்மனுடையது. குவின்யான் மிட்செல், கூப்பர் டிஜீன் இருவரையும் 2024 டிராஃப்டில், அதாவது அணிகள் வரிசைப்படி புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், எடுத்துக் கொடுத்தவர் அவர். அப்படிப்பட்ட வீரர்கள் இருந்தால் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம்.

பாதி ஏற்கிறேன். மிட்செல் 22ஆவது இடத்திலும் டிஜீன் 40ஆவது இடத்திலும் கிடைத்தது பெரும் பேறு. ஆனால் ஸாக் பானை நீங்கள் விட்டுவிட்டீர்கள். நியூ ஆர்லீன்ஸில் நான்கு ஆண்டுகள் இருந்து, பெரும்பாலும் விளிம்பில் பாயும் வீரராகவும், பந்தை உதைக்கும் நகர்வுகளுக்கான சிறப்பு அணியிலும் ஆடியவர். ஈகிள்ஸ் அவரை ஓராண்டுக்கு 35 லட்சம் டாலருக்கு எடுத்தது. இந்த விளையாட்டின் சம்பளக் கணக்கில் அது சிறிய தொகை. அவரை நடுவில் நிற்கும் உள் லைன்பேக்கராக நிறுத்தினார்கள். அந்தப் பருவத்தின் முடிவில் அவர், பருவத்தின் மிகச் சிறந்த வீரர்களைக் கொண்ட ஆல்-ப்ரோ முதல் அணிப் பட்டியலில் இருந்தார். வீரரை வாங்கியது மேலாளர். அவருக்குள் இருந்த லைன்பேக்கரை வெளியே கொண்டுவந்தது பயிற்சி.

கேள்வி (அதே வாசகர்): அப்படியானால் 2023இல் மயாமியில் அதே பயிற்சி எங்கே போயிற்று? ஓராண்டிலேயே பிரிந்துவிட்டார்களே.

நியாயமான கேள்வி. மயாமியில் விளிம்பு வீரர்கள் ஜேலன் ஃபிலிப்ஸ், பிராட்லி சப் இருவரும் அந்தப் பருவத்திலேயே பெருங்காயம் பட்டு வெளியேறினார்கள். அதைத் தவிர, சில வீரர்களுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை என்பதும் வெளிப்படையாகவே பேசப்பட்டது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. கண்டிப்பான ஆசிரியர் எல்லா வகுப்புக்கும் பொருந்த மாட்டார். அதனால்தான் ஒருவரைத் தனியாக எடைபோடாமல், அவரையும் அவர் கற்பிக்கப்போகும் வீரர்களையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்கிறேன்.

கேள்வி (வேறொரு வாசகர்): முந்தைய வாசகர் சொல்வதில் நியாயம் இருக்கிறது ஐயா. தேசாயும் சிகாகோவில் ஃபேன்ஜியோவின் கீழ் வளர்ந்தவர்தானே? ஒரே முறை, ஒரே அணி, ஆனால் முடிவு வேறு. இடையில் மாறியது வீரர்கள்தான்.

இந்த வாதத்தில் இதுவரை வந்த மிக நல்ல கேள்வி இது. ஆம், தேசாய் அதே பள்ளியைச் சேர்ந்தவர். பிராண்டன் ஸ்டேலியும் அதே பள்ளிதான். 2020இல் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸில் முதல்முறையாக ஒருங்கிணைப்பாளரான அவருடைய தற்காப்பு, கெஜத்திலும் புள்ளியிலும் முதலிடம் பிடித்தது. ஆகவே பள்ளியின் பெயர் ஒருவருக்கு வெற்றியையும் தராது, தோல்வியையும் தராது. வீரர்கள் மாறினார்கள் என்பது உண்மை. ஆனால் தேசாய்க்குக் கிடைக்காத இன்னொன்று ஃபேன்ஜியோவுக்குக் கிடைத்தது: பொறுமை. 2024இல் நான்காவது ஆட்டத்தில் தம்பா பே 33 புள்ளி எடுத்து ஈகிள்ஸை வென்றது; வெற்றி தோல்விக் கணக்கு 2-2. யாரும் அவருடைய கையிலிருந்து அழைப்பை வாங்கவில்லை. அதன்பின் பருவம் 14-3 என்று முடிந்தது.

இதற்கு மேல் இந்த வாதத்தை நீட்டினால் மற்றவர்களின் கேள்விகளுக்கு இடமிருக்காது.

கேள்வி: துணிச்சலாக பிளிட்ஸ் அடிப்பவரைத்தானே எடுக்க வேண்டும்? காத்திருந்து ஆடுபவர்கள் கோழைகள்.

பிளிட்ஸ் என்பது ஐந்தோ அதற்கு மேலோ வீரர்களைக் குவார்ட்டர்பேக்கின் மீது அனுப்புவது. அப்படி அனுப்பும் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு காவல் குறைகிறது. 2025 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌலில் ஈகிள்ஸ் ஒரு முறைகூட பிளிட்ஸ் அடிக்கவில்லை. நால்வர் மட்டுமே பாய்ந்து, கான்சஸ் சிட்டியின் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸை ஆறு முறை சாய்த்தார்கள்; அதில் இரண்டரை ஜாஷ் ஸ்வெட்டுடையது. மற்ற ஏழு பேர் பின்னால் நின்றதால்தான், இரண்டாவது கால்பகுதியில் மஹோம்ஸ் அவசரமாக எறிந்த பந்துக்கு முன்னால் டிஜீன் வந்து நிற்க முடிந்தது. அதைப் பிடித்து 38 கெஜம் ஓடி அவர் புள்ளி எடுத்தார். அன்று அவருக்கு 22ஆவது பிறந்தநாள்.

கேள்வி: அணிக்குள்ளேயே பதவி உயர்வு கொடுப்பது நல்லதா, வெளியிலிருந்து எடுப்பதா?

2023இல் சான் பிரான்சிஸ்கோ 49ஏர்ஸ் எடுத்த முடிவு இதற்கு நல்ல பாடம். ராபர்ட் சலே, அவருக்குப் பின் டிமெக்கோ ரயன்ஸ் என்று இரண்டு ஒருங்கிணைப்பாளர்கள் அங்கே ஒரே முறையைக் கட்டி வளர்த்திருந்தார்கள். ரயன்ஸ் ஹூஸ்டனுக்குப் போனதும், தலைமைப் பயிற்சியாளர் கைல் ஷனஹன் வெளியிலிருந்து ஸ்டீவ் வில்க்ஸை அழைத்தார். ஆனால் முறை மாறக் கூடாது என்பதும், முன்வரிசைப் பயிற்சியாளர் கிரிஸ் கொக்யூரெக் முதலியோர் அப்படியே தொடர்வார்கள் என்பதும் ஏற்பாடு. அனுபவமுள்ள ஒரு சமையல்காரரை அழைத்து, இன்னொருவர் வீட்டு அடுப்பில் இன்னொருவர் கைப்பக்குவத்தில் சமைக்கச் சொன்னது போலத்தான் அது.

அக்டோபரில் மினசோட்டாவுடனான ஆட்டத்தைப் பாருங்கள். முதல் பாதி முடிய 16 நொடிகளே இருந்தன. பந்து மினசோட்டாவிடம். ஆழத்தில் யாரையும் காவலுக்கு வைக்காமல் பலரைப் பாயவிடும் பிளிட்ஸ் அழைப்பை வில்க்ஸ் விடுத்தார். பந்து பிடிப்பவரை ஓரத்தில் காக்கும் கார்னர்பேக் சார்வேரியஸ் வார்டின் கைக்கு வந்த பந்தை மினசோட்டாவின் ஜோர்டன் அடிசன் பிடுங்கிக்கொண்டு 60 கெஜத் தொடுகோலாக்கிவிட்டார் (டச்டவுன்). தடுக்கப் பின்னால் ஒருவருமில்லை. நவம்பரில், அதுவரை மேலே அறையிலிருந்து அழைப்பு விடுத்துவந்த வில்க்ஸைக் கீழே களத்தோரத்துக்கு இறக்கினார்கள். அந்த அணி சூப்பர் பௌல் வரை போய், கூடுதல் நேரத்தில் 25-22 என்று தோற்றது. மூன்று நாளில் வில்க்ஸ் நீக்கப்பட்டார். குறைந்த புள்ளி விட்டுக்கொடுத்த அணிகளின் வரிசையில் அந்த ஆண்டு அவர்களுக்கு மூன்றாவது இடம் என்பதையும் நினைவில் வையுங்கள். அடுத்து உள்ளேயிருந்த நிக் சோரன்சனை உயர்த்தினார்கள். 2025இல் பழைய சலேயையே மீண்டும் அழைத்தார்கள்.

ஆகவே என் பதில் இதுதான்: முறை தொடர வேண்டுமானால் அந்த முறையில் ஊறியவரை எடுங்கள், வெளியாளை எடுத்தால் அவருடைய முறையையும் உதவியாளர்களையும் சேர்த்தே எடுங்கள். வெளியாளை எடுத்துவிட்டுப் பழைய முறையையும் வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் செய்யும் அநீதி.

கேள்வி: புள்ளிவிவரத்தில் முதல் ஐந்து இடங்களில் உள்ள ஒருங்கிணைப்பாளர்களில் யார் சிறந்தவர்?

தரவரிசையைப் பற்றி மேலே ஸ்பக்னுவோலோவை முன்னிட்டு எழுதியிருக்கிறேன். அதைப் படியுங்கள்.

கேள்வி: வயது ஒரு தடையா?

ஃபேன்ஜியோ ஈகிள்ஸுக்கு வந்தபோது அவருக்கு 65. மைக் மெக்டானல்ட் பால்டிமோரின் ஒருங்கிணைப்பாளரானபோது 34. அவருடைய இரண்டாவது பருவமான 2023இல், குறைந்த புள்ளி, அதிக சாக், அதிகப் பந்துப் பறிப்பு ஆகிய மூன்றிலும் பால்டிமோர் முதலிடம் பிடித்தது. தடை இல்லை.

கேள்வி: ரூனி விதி இந்தப் பதவிக்கும் பொருந்துமா?

பொருந்தும். பிட்ஸ்பர்க் அணியின் உரிமையாளராக இருந்த டான் ரூனியின் பெயரால் 2003இல் வந்த விதி அது. சிறுபான்மை இனத்தவரையும் நேர்காணலுக்கு அழைக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2020இல் ஒருங்கிணைப்பாளர் பதவிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. பெயருக்கு ஒருவரை அழைத்துவிட்டு, முன்பே முடிவு செய்தவரை நியமிப்பது அந்த விதிக்குச் செய்யும் அவமரியாதை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

கேள்வி: தரவரிசையில் கடைசியில் இருக்கும் அணியிலிருந்து ஒருவரை எடுப்பது முட்டாள்தனம் இல்லையா?

இல்லை. இதே கேள்விக்கு இது மூன்றாவது பதில். இனி இதற்குப் பதில் எழுத மாட்டேன்.

கேள்வி: நீங்களே நேர்காணல் நடத்தினால் என்ன கேட்பீர்கள்?

சாதனைப் பட்டியலைக் கேட்க மாட்டேன். நம் அணியின் ஆட்டக் காணொளி ஒன்றைப் போட்டு, நம் தற்காப்பு உடைந்துபோன ஒரு நகர்வில் நிறுத்தி, "இதில் தவறியது யார்?" என்று கேட்பேன். ஒரு வீரரின் பெயரை உடனே சொல்பவரைவிட, "அவருக்கு என்ன சொல்லிக்கொடுத்திருந்தீர்கள்?" என்று என்னைத் திருப்பிக் கேட்பவரை விரும்புவேன். பிறகு வெள்ளைப் பலகைக்கு அழைத்து, தன் அடிப்படை அமைப்பை, கடைசிக் காவலர்களான இரண்டு சேஃப்டிகள் ஆழத்தில் நின்று பந்து நகர்ந்ததும் ஒருவர் கீழே இறங்கும் அந்தச் சுழற்சியை, நேற்றுத்தான் அணிக்கு வந்த 22 வயதுப் பையனுக்குச் சொல்வதுபோல எனக்குச் சொல்லச் சொல்வேன். கடைசியாக ஒரு சூழ்நிலை: நான்காவது கால்பகுதி, நாம் நான்கு புள்ளி முன்னிலை, எதிரணிக்கு மூன்றாவது முயற்சியில் ஏழு கெஜம் தேவை, நம்முடைய சிறந்த கார்னர்பேக் காயத்தால் வெளியே உட்கார்ந்திருக்கிறார், அவருக்குப் பதில் நிற்பவர் அந்த வாரம் இரண்டே பயிற்சிகளில் கலந்துகொண்டவர். என்ன அழைப்பு விடுப்பார் என்பதைக் கேட்டுக்கொள்வேன். ஆனால் அந்தப் பையனிடம் புதன்கிழமையே என்ன சொல்லிவைத்திருப்பார் என்பதற்குத்தான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.