மாதச் சந்தாவா, ஒரேதரம் வாங்குவதா: கலியாண ஸ்டூடியோவுக்கு எது கட்டும்?

கேள்வி: திருகோணமலையில் கலியாணப் படமும் வீடியோவும் எடுக்கும் சிறிய ஸ்டூடியோ என்னுடையது. போட்டோஷொப் சிஎஸ்6 சொந்தமாக உண்டு. புதிய கமராவின் ரோ கோப்புகள் (பதப்படுத்தாத மூலப் படங்கள்) அதில் திறக்கவில்லை. சந்தாவுக்கு மாறத்தான் வேண்டுமா? வீடியோவுக்கு எதை எடுக்கலாம்?

பதில்: ரோ கோப்பு திறக்கவில்லை என்பதற்காக மட்டும் சந்தா கட்ட வேண்டாம். சிஎஸ்6 2012இல் வந்தது. ரோ கோப்புகளைத் திறக்கும் அதன் ‘கமரா ரோ’ பகுதி 9.1.1 பதிப்புடன் நின்றுவிட்டதால், பிறகு வந்த கமராக்களை அது அறியாது. ரோ கோப்புகளை அடோபியின் டிஎன்ஜி வடிவத்துக்கு மாற்ற அடோபி இலவசமாகத் தரும் டிஎன்ஜி கன்வேர்ட்டரில் பிரிபரன்சஸ் பகுதிக்குப் போய், கொம்பட்டிபிலிட்டியை ‘கமரா ரோ 7.1’ என்று மாற்றிவிட்டுப் படங்களை மாற்றுங்கள். இந்த இடத்தைத் தொடாமல் விட்டால் மாற்றிய கோப்பும் சிஎஸ்6இல் திறக்காமல் போகலாம். மூல ரோ கோப்புகளை அழிக்க வேண்டாம்.

ஆனால் அந்தக் கணினி பழுதானால், வேறொன்றில் சிஎஸ்6ஐ மறுபடி பதிய முடியும் என்று நம்பி இருக்கக் கூடாது. அடோபி 2013இலேயே ஒரேதரம் விற்கும் வழியை விட்டுச் சந்தாவுக்குப் போய்விட்டது.

சந்தா எடுப்பதானால் ஒப்பந்தத்தைக் கவனியுங்கள். ‘ஆண்டுத் திட்டம், மாதாமாதம் கட்டணம்’ என்பது பார்வைக்கு மாதச் சந்தா, உண்மையில் ஒரு வருடக் கடமை. 14 நாட்களுக்குப் பின் நிறுத்தினால் மீதிக் கட்டணத்தில் பாதி அறவிடப்படும்: நாலாம் மாதம் முடிய நிறுத்தினால், மீதி எட்டு மாதத்துக்காக நாலு மாதக் காசு. ரூபாய் ஆட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். 2022 தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், சில மாதங்களில் 360ஐத் தாண்டியது. மாதாமாதம் கட்டியவர் அந்த அடியை நேரே வாங்கினார். முழு ஆண்டுக்கும் முன்கூட்டிக் கட்டினால் அந்த ஆண்டுக்காவது விலை நிற்கும்.

வீடியோ எடிட்டிங்குக்கு என் தெரிவு டாவின்சி ரிசால்வ். இலவசப் பதிப்பிலேயே 4கே யூஎச்டி வரை வெளியிடலாம். பெரும்பாலான கலியாணங்களுக்கு அது போதும். அதன் கட்டணப் பதிப்பான ‘ஸ்டூடியோ’ ஒரேதரம் 295 டொலர், இரண்டு கணினிகளில் இயங்கும். இதுவரை வந்த புதிய பதிப்புகளுக்கு மேலதிகக் காசு கேட்கவில்லை. டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 88,500 ரூபாய். அடோபியின் வீடியோ மென்பொருளான பிரீமியர் மட்டும் அமெரிக்க விலையில் மாதம் 22.99 டொலர் என்றால் 13 மாதத்தில் 298.87 ஆகிவிடும். வேறு எடிட்டர் பிரீமியர் கோப்பைக் கேட்காதவரை அது தேவையில்லை.

தமிழ் எழுத்தையும் முதலே சோதியுங்கள். பழைய பாமினி எழுத்துருவில் தட்டினால், அந்த எழுத்துரு கணினியில் இருக்கும்வரை பெரும்பாலும் எந்த மென்பொருளிலும் சரியாகத் தெரியும். யூனிகோடில் ‘கொண்டாட்டம்’ என்று தட்டும்போது கொம்பு இடம் மாறி நின்றால், அந்த மென்பொருள் உங்கள் அழைப்பிதழுக்கு உதவாது.

அடோபியின் பெரிய பதிப்புகள் வழக்கமாக ஒக்டோபரை ஒட்டி வரும். உடனே ஏற்ற வேண்டாம். முகூர்த்தம் இல்லாத மார்கழியில் மாறுங்கள், அதற்குள் முதல் பிழைகள் திருத்தப்பட்டிருக்கும். ஓட்டோ அப்டேட்டையும், முந்திய பதிப்பை நீக்கும் தெரிவையும் அணைத்து வையுங்கள். ரிசால்வை மாற்றுமுன் புரொஜெக்ட் லைப்ரரியை பக்கப் எடுங்கள்: புதிய பதிப்பில் திறந்து சேமித்த வேலை பழையதில் திரும்பத் திறக்காது. கைவசமுள்ள கலியாணங்களைப் பழையதிலேயே முடித்துக் கொடுத்துவிட்டு மாறுவது நல்லது.