பேட்டரி சைக்கிளில் ஆபீஸ் போனால் உடம்பு தேறுமா?

கேள்வி: வீடு பெங்களூரு அல்சூரில், வேலை மாரத்தஹள்ளியில். வயது 42. மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.1 வந்ததால், உடம்பை அசைக்கச் சொன்னார் டாக்டர். நான்கு மாதம் முன்பு பேட்டரி சைக்கிள் வாங்கினேன். போக 11, வர 11 கிலோமீட்டர், வாரம் ஐந்து நாள் விடாமல் போகிறேன். தினமும் ராத்திரி சார்ஜ் போட்டுவிடுவேன். எடை ஒரு கிலோகூட இறங்கவில்லை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும் போகவில்லை. இதை விற்றுவிட்டுச் சாதாரண சைக்கிள் வாங்கட்டுமா, இல்லை விலை கூடிய, ரேஸ் சைக்கிள் மாதிரியான எலெக்ட்ரிக் ரோட் பைக்குக்குப் போகட்டுமா?

பதில்: விற்காதீர்கள். பழைய ஏர்போர்ட் ரோட்டு நெரிசலில் நான்கு மாதம் விடாமல் சைக்கிளில் போயிருக்கிறீர்கள். பணம் கொடுத்தாலும் கிடைக்காத பழக்கம் இது. ஆசையாகச் சாதாரண சைக்கிள் வாங்கி, மூன்றாவது வாரம் பால்கனியில் சாத்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கோளாறு எங்கே என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: தினமும் சார்ஜ் போடுகிறீர்கள். நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 36 வோல்ட், 7.65 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏறக்குறைய 275 வாட்-மணி மின்சாரம் இருக்கும். மிதிக்காமல் த்ராட்டிலை (கைப்பிடியில் இருக்கும் ஆக்ஸிலரேட்டரை) மட்டும் திருகி ஓட்டினால் கிலோமீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு வாட்-மணி போகும். 22 கிலோமீட்டருக்குப் பெருக்கிப் பாருங்கள், பேட்டரி கிட்டத்தட்ட காலி. உங்கள் பேட்டரியும் அந்த அளவுதான் என்றால், வேலை முழுவதையும் மோட்டார் பார்க்கிறது, நீங்கள் உட்கார்ந்து போகிறீர்கள்.

பெடல் சுற்றிக்கொண்டுதானே இருக்கிறேன் என்பீர்கள். அதில்தான் ஏமாந்துபோகிறோம். சமதளத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துக்குச் சுமார் 100 வாட் இருந்தாலே போதும். பின்சக்கரத்து மோட்டாரோ 250 வாட். விலை குறைந்த சைக்கிள்களில் இருக்கும் சென்சார், பெடல் சுற்றுகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. போன மாதம் தொம்லூர் பாலம் ஏறும்போது எனக்கு முன்னால் ஒருவர் பேட்டரி சைக்கிளில் போனார். கால் மடமடவென்று சுற்றுகிறது, ஆனால் செயினின் மேல்பகுதி தளர்ந்து ஆடிக்கொண்டே வந்தது. உண்மையில் மிதிப்பவருடைய செயின், பாலம் ஏறும்போது மேல்பக்கம் கம்பிபோல விறைத்து நிற்கும். உங்கள் செயின் எப்படி இருக்கிறது என்று பின்னால் வரும் யாரையாவது பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

சரி, என்ன செய்வது? முதலில் த்ராட்டிலை மறந்துவிடுங்கள். டிஸ்ப்ளேயில் அசிஸ்டை, அதாவது மோட்டார் உதவும் அளவை, 1-இல் வையுங்கள். பல சைக்கிள்களில் ஒவ்வொரு எண்ணும் ஒரு வேக வரம்பு; 1 என்றால் மெதுவான வேகத்திலேயே மோட்டார் ஓய்ந்துவிடும். அதற்கு மேல் போகும் வேகமெல்லாம் உங்கள் கால் கொடுப்பது. சிக்னலில் இருந்து கிளம்பும்போதும் மேடு ஏறும்போதும் மட்டும் 2, 3 என்று கூட்டிக்கொள்ளலாம், முட்டிக்கு நல்லது. சிக்னலில் நிற்பதற்கு முன்பே இலகுவான கியருக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம் சீட் உயரம்: குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே தள்ளினால் கால் முழுசாக நீள வேண்டும். பெரும்பாலானவர்கள் சீட்டைத் தாழ வைத்து முட்டிவலியை வாங்கிக்கொள்கிறார்கள்.

அளவு தெரிய மீட்டர் வேண்டாம். பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட மூச்சு பத்தக் கூடாது. ஞாயிறு காலை அல்சூர் ஏரியைச் சுற்றி, திருவள்ளுவர் சிலையில் தொடங்கி அதே சிலைக்கு வரும்வரை இதைப் பழகிப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு. உங்கள் 22 கிலோமீட்டர், நம் டிராஃபிக்கில், நாளுக்கு எப்படியும் 80 நிமிடம். ஐந்து நாளுக்கு 400. நேரம் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள், மிதிப்பது மட்டும்தான் பாக்கி.

மோட்டார் இருந்தால் பலன் இருக்காது என்பதும் சரியில்லை. சுவிட்சர்லாந்தின் பாஸல் பல்கலைக்கழகத்தில் அதிக எடை உள்ளவர்களை நான்கு வாரம் வேலைக்குச் சைக்கிளில் போக வைத்துப் பார்த்தார்கள். 2018-இல் வெளியான அந்த ஆய்வில், பேட்டரி சைக்கிள் ஓட்டியவர்களின் இதய, நுரையீரல் திறன் சாதாரண சைக்கிள்காரர்களுக்கு இணையாகவே கூடியிருந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் நான் பழக்கிய ஆட்களிடமும் இதையே பார்க்கிறேன்.

எலெக்ட்ரிக் ரோட் பைக் நல்ல வண்டி. எடை குறைவு, பெரும்பாலும் அழுத்தத்தை அளக்கும் டார்க் சென்சார் இருக்கும், நீங்கள் மிதித்தால்தான் அது உதவும். ஆனால் மெல்லிய டயரோடு முருகேஷ்பாளையா பள்ளங்களில் தினமும் போவதற்கு நான் சொல்ல மாட்டேன். வேக வரம்பை எடுத்துவிடுகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். 250 வாட்டையும் 25 கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டினால் அது மோட்டார் வாகனம். பதிவு, லைசென்ஸ் எல்லாம் வேண்டும்.

மிதிக்கத் தொடங்கியதும் பசி கூடும். ஆபீஸ் வாசலில் ஒரு மசாலா தோசை சாப்பிட்டால் காலையில் எரித்தது திரும்பி வந்துவிடும். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டால் டாக்டரிடம் இந்த மாற்றத்தைச் சொல்லுங்கள். நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு அன்றைக்கே அவரைப் பாருங்கள்.

எடை மெஷினை ஒரு மாதம் மூலையில் வையுங்கள். காலண்டரில், சார்ஜ் போட்ட நாளை மட்டும் வட்டமிடுங்கள். முதல் இரண்டு வாரத்தில் இரண்டு நாளைக்கு ஒருமுறை, அப்புறம் மூன்று நாளைக்கு ஒருமுறை என்று வட்டங்கள் விலக வேண்டும். மாதக் கடைசியில் எத்தனை வட்டம் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.