சத்துமா போத்தலுக்கு எப்படிப்பட்ட மூடி வேண்டும்?

ஆரையம்பதியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வீட்டில் சத்துமா அரைத்து விற்கிறேன். தாதிமாரும் ரீச்சர்மாரும்தான் கூடுதலாக வாங்குகிறார்கள். காலையில் கரைத்து பஸ்ஸில் கொண்டுபோக வசதியாக இருக்கட்டும் என்று மாவோடு ஒரு ஷேக்கர் போத்தலும் சேர்த்துக் கொடுத்தேன். இப்போது மூன்று முறைப்பாடு வருகிறது. கைப்பைக்குள் ஒழுகுகிறது. சுடுபாலில் கரைத்துக் குலுக்கினால் மூடி தெறிக்கிறது. கொஞ்சக் காலத்தில் மூடி நாறுகிறது. எனக்கென்று ஒரு மூடியை வடிவமைத்து அச்சில் வார்ப்பித்தால் என்ன? அது எப்படி இருக்க வேண்டும்?"

தங்கச்சி, மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. தெறிப்பதை முதலில் பார்ப்போம், அது ஆளைச் சுடக்கூடியது.

போத்தலை மூடும்போது உள்ளே இருப்பது நம்மூர்க் காற்று, ஏறத்தாழ 30 பாகை செல்சியஸ். கீழே 60 பாகைச் சூட்டில் பால். மூடிக் குலுக்கியவுடன் அந்தக் காற்று பாலின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. விரிய இடமில்லாததால் அமுக்கம் ஏறுகிறது. பாலிலிருந்து எழும் நீராவியும் அதோடு சேர்கிறது. 60 பாகையில் நீராவியின் அமுக்கம் மட்டும் 20 கிலோபாஸ்கல். எல்லாம் கூட்டிப் பார்த்தால் வெளியில் உள்ளதைவிட உள்ளே ஏறத்தாழ 25 கிலோபாஸ்கல் வரை, அதாவது வளிமண்டல அமுக்கத்தின் கால்வாசி, கூடுதலாக இருக்கலாம். 9 சென்ரிமீற்றர் அகலமான பெரிய மூடியை இது 16 கிலோ எடை தள்ளுவதுபோல உள்ளிருந்து தள்ளும். ஒரு வாளி நிறையத் தண்ணீரின் பாரம் அது. 2 சென்ரிமீற்றர் குடிவாயை அதே அமுக்கம் 800 கிராம் அளவில்தான் தள்ளுகிறது. ஆனால் பெரிய மூடியைத் திருகுபுரி சுற்றிவரப் பிடித்திருக்கிறது. குடிவாயின் சின்ன மூடியையோ ஒரேயொரு பிளாஸ்டிக் கொளுக்கிதான் பிடித்திருக்கிறது. அதைக் கழற்ற 800 கிராம் தாராளம்.

கொளுக்கியை இன்னும் இறுக்கமாக்கினால் சரிதானே என்று கேட்பீர்கள். இறுக்கமாக்கினால் பெருவிரல் நோகும், நகம் உடையும், திறக்கிறபோது எல்லாம் ஒரேயடியாகச் சீறும். அமுக்கத்தை வெளியே விட வழி செய்வதே முறை. குடிவாய்க்குப் பக்கத்தில் காற்றுத் துளை ஒன்று எப்படியும் வேண்டும். அது இல்லாவிட்டால் குடிக்கும்போது கஞ்சி விட்டு விட்டு வரும். சின்ன மூடியின் அடியில் இரண்டு முளைகள் இருக்கும், ஒன்று குடிவாயை அடைக்க, மற்றது காற்றுத் துளையை அடைக்க. காற்றுத் துளையின் முளையை 2 மில்லிமீற்றர் குட்டையாக வைக்கச் சொல்லுங்கள். மூடியைச் சற்றே தூக்கும்போது குட்டை முளை முதலில் விடுபடும், ஆவி "உஸ்" என்று போய்விடும், அதன் பிறகுதான் குடிவாய் திறக்கும். துளையை 3 மில்லிமீற்றருக்குக் குறைக்க வேண்டாம். பால்மாக்காரர்களின் போத்தலுக்கு 2 போதும், சத்துமா அதை அடைத்துவிடும்.

மூடியைத் தொடாமலே செய்யக்கூடிய காரியமும் ஒன்று இருக்கிறது. மாவை ஆறின தண்ணீர் கொஞ்சத்தில் போட்டுக் குலுக்கி, மூடியைத் திறந்து, அதன்மேல் சுடுபாலை ஊற்றிக் கரண்டியால் கலக்கச் சொல்லுங்கள். தண்ணீர் முதலில், மா பிறகு. மாறிப் போட்டால் அடியில் கட்டி பிடிக்கும். இதை மா பையிலேயே அச்சிட்டுவிட்டால் தெறிக்கிற முறைப்பாட்டில் பெரும்பகுதி நின்றுவிடும், செலவும் இல்லை. கரைத்ததை மிச்சம் வைத்து மூடி நாள் முழுக்கப் பையில் வைத்திருக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். நம் வெயிலில் அது புளித்து வாயு பிடிக்கும். மாலையில் திறந்தால் சுடாமலே தெறிக்கும்.

இனி ஒழுகல். எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் மூடியை மாற்றுவது காசுக்குக் கேடு. ஒழுகக்கூடிய இடங்கள் மூன்று: பெரிய மூடியும் போத்தலும் சேரும் விளிம்பு, குடிவாய், காற்றுத் துளை. போத்தலில் கால்வாசி தண்ணீர் விட்டு, சிவப்பு உணவு நிறம் கலந்து, மூடியை வெளியே நன்றாகத் துடைத்து, வெள்ளை ரிசு தாளால் சுற்றி, படுக்க வைத்து இரவு முழுக்க விடுங்கள். எந்த இடத்தில் சிவக்கிறதோ அதுதான் குற்றவாளி. மஞ்சள் கரைத்துப் பார்க்க வேண்டாம், மூடி நிரந்தரமாக மஞ்சளாகிவிடும். ஒரே போத்தலை மட்டும் பார்க்காமல், வெவ்வேறு பெட்டியில் வந்த நாலைந்தைப் பாருங்கள்; மலிவான போத்தல்களில் வாய் சரியான வட்டமாக இருப்பதில்லை.

விளிம்பில் சிவந்தால் பிரச்சினை வாசரில். பல மலிவு மூடிகளில் வாசரே இருக்காது, பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்தான் அமரும். அது புதிதில் பிடிக்கும், நாலு தரம் சுடுநீர் பட்டால் நெளிந்துவிடும். தட்டையான சிலிக்கோன் வளையம் போடுங்கள். சிலிக்கோனை அதன் தடிப்பில் 20 முதல் 25 வீதம் நசுக்கினால் நன்றாக அடைக்கும். 2.5 மில்லிமீற்றர் வளையமென்றால் அரை மில்லிமீற்றரோ கொஞ்சம் கூடவோ நசுங்க வேண்டும். புரி ஒரு முழுச் சுற்றுக்கு 4 மில்லிமீற்றர் இறங்குமென்றால், வளையத்தைத் தொட்ட பிறகு ஏறத்தாழ 50 பாகை திருப்பினால் அந்த அளவு வந்துவிடும். அந்த இடத்தில் மூடி முட்டி நிற்க ஒரு தடுப்பு வேண்டும். இல்லாவிட்டால் ஒழுகுதே என்று ஆட்கள் இன்னும் இன்னும் முறுக்குவார்கள். வளையம் அளவுக்கு மீறி நசுங்கி, நாளடைவில் பழைய தடிப்புக்குத் திரும்பாமல் போகும். சூடு படுகிற இடத்தில் மென்மையான வார்ப்பு ரப்பர்கள் இப்படிச் சோர்ந்து போவது சிலிக்கோனைவிடக் கெதி. விலை கூடினாலும் இந்த ஒரு சாமானில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

வளையத்தின் நிறம் மூடியின் நிறத்துக்கு எதிராக இருக்கட்டும், நீல மூடிக்கு ஒறேஞ்சு வளையம்போல. கழுவக் கழற்றியவர்கள் திருப்பிப் போட மறந்துவிட்டு ஒழுகுதென்று உங்களிடம்தான் வருவார்கள். வளையம் இல்லாததைக் கண் உடனே காட்டிக்கொடுக்க வேண்டும்.

நாற்றத்துக்கு வருவோம். என் கணிப்பில் மூன்றில் மோசமானது இதுதான். ஒழுகினால் ஆட்கள் போத்தலைத் திட்டுவார்கள். நாறினால் மாவைத் திட்டுவார்கள், மா வாங்குவதையும் விடுவார்கள். ஷேக்கர் மூடி வடிவமைக்கிறவர்கள் அது எப்படி அடைக்கும் என்று யோசிக்கிற அளவுக்கு அதை யார், எதைக்கொண்டு, எப்படிக் கழுவுவார்கள் என்று யோசிப்பதில்லை. உங்கள் வாடிக்கையாளர் விடிய ஐந்து மணிக்குச் சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, பஸ்ஸுக்கு ஓடுகிறவர். போத்தல் கழுவப்படுவது இரவில், ஸ்பொஞ்சோடு, அரை நிமிடத்தில். அந்த அரை நிமிடத்தில் சுத்தமாகிற மூடியே உங்களுக்கு வேண்டும்.

அதனால் உள்பக்க மூலைகள் எதுவும் கூராக இருக்கக் கூடாது. 3 மில்லிமீற்றர் ஆரையாவது வைத்து உருட்டினால் ஸ்பொஞ்ச் போய்த் தொடும். வாசர் உட்காரும் பள்ளம் ஆழமாக இல்லாமல் அகலமாக, வாய் திறந்ததாக இருக்க வேண்டும். வளையத்தில் விரலால் பிடித்திழுக்க ஒரு சின்னக் காது வேண்டும். கத்தி முனையால் கிளப்ப வேண்டிய வளையத்தை யாரும் கழற்றமாட்டார்கள், அதன் அடியில் பால் உறைந்து பூஞ்சணம் பிடிக்கும். சின்ன மூடி மடங்கித் திறக்கும் பிணைச்சல் கஞ்சி படாத வெளிப்பக்கத்தில் இருக்கட்டும். இரண்டு தட்டை ஒட்டிச் செய்த மூடி வேண்டவே வேண்டாம். ஒட்டு விட்டால் நடுவில் தண்ணீர் புகும், அது ஒருபோதும் வெளியே வராது. மூடியின் நிறத்திலும் ஒரு சங்கதி. வெள்ளை மூடி கடையில் சுத்தமாகத் தெரியும், காய்ந்த பாலையும் அதுதான் நன்றாக மறைக்கும். கடும் நீலமோ கறுப்போ எடுங்கள், ஊத்தை தெரியட்டும்.

கழுவும் முறையையும் போத்தலோடு கொடுங்கள். முதலில் பச்சைத்தண்ணீர், பிறகுதான் இளஞ்சூட்டில் சவர்க்காரம். சுடுநீரை முதலில் ஊற்றினால் பாலின் புரதம் மூடியிலேயே திரைந்து ஒட்டும். அரிசி, குரக்கன் மாவில் உள்ள மாப்பொருளும் 60, 70 பாகையை ஒட்டிப் பசையாகிவிடும். சுத்தமாக்குகிறோம் என்று நினைத்துப் பசை காய்ச்சுகிறவர்கள் எத்தனையோ பேர். கழுவியபின் மூடியைத் திருகி வைக்காமல் கவிழ்த்துத் தனியே காயவிட வேண்டும். மாரி காலத்தில் நம் பக்கம் எதுவும் இலேசில் காயாது, அந்த மாதங்களில் வளையத்தைக் கழற்றியே காயப்போடச் சொல்லுங்கள். சிலிக்கோன் கொழுப்பையும் மணத்தையும் கொஞ்சம் உறிஞ்சும். இடைக்கிடை கொதிநீரில் போட்டெடுத்தால் போகும்.

இனி அச்சு. உடனே வேண்டாம் என்பதே என் ஆலோசனை. முதலில் அகன்ற வாயும் உருண்ட புரியும் உள்ள ஒரு தயார் போத்தலைத் தேடிப் பிடித்து, அதற்குச் சரியான சிலிக்கோன் வளையத்தை மட்டும் உங்கள் அளவுக்குச் செய்வியுங்கள். வளையத்தின் அச்சு எளிமையானது, மூடியின் உருக்கு அச்சோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. ஒரு மாரியும் ஒரு கோடையும் ஓடட்டும். அதன்பிறகும் மூடி வேண்டுமென்று தோன்றினால் செய்யலாம்.

செய்யும்போது பிளாஸ்டிக் பொலிப்ரொப்பிலீன், முக்கோணத்துக்குள் 5 என்ற இலக்கம் போட்டது. 100 பாகை வரை தாங்கும், மணம் இல்லை, பிணைச்சலுக்கும் அதைப்போல வேறொன்றில்லை. 0.3, 0.4 மில்லிமீற்றர் மெல்லிசாக வார்த்து, அச்சிலிருந்து எடுத்த சூட்டோடு ஒருதரம் மடித்துவிட்டால் நார்போலப் பதிந்து நெடுநாள் மடங்கும். உருகிய பிளாஸ்டிக், பிணைச்சலுக்குக் குறுக்கே ஓடும்படி வார்ப்புவாய், அதாவது அது அச்சுக்குள் நுழையும் துளை, அமைய வேண்டும். அதை அச்சுக்காரரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். உணவுக்கு உகந்த பொருள் என்ற கடிதத்தைப் பிளாஸ்டிக்குக்கு மட்டுமில்லாமல் கலக்கிற நிறத்துக்கும் வாங்குங்கள். பொலிப்ரொப்பிலீன் ஆறும்போது 1 முதல் 2.5 வீதம் சுருங்கும். 9 சென்ரிமீற்றர் மூடியில் அது 2 மில்லிமீற்றருக்கும் மேல் போகலாம், உங்கள் முழு வாசர் கணக்கையும் விழுங்கிவிடும். ஆகவே அச்சுக்காரர் கைக்கு வரைபடத்தோடு உண்மையான போத்தல்கள் பலவும் போக வேண்டும். புரியைக் கூராக வெட்டாமல் உருண்டையாக, ஆழங்குறைவாக வைத்தால் வார்த்த மூடியை அச்சிலிருந்து திருகாமலே தள்ளி எடுக்கலாம், அச்சு மலியும். கழுவவும் அதே புரிதான் இலேசு.

அச்சுக்கு முன் முப்பரிமாண அச்சுப்பொறியில் மாதிரி எடுத்துப் பாருங்கள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. மாணவர் செயற்றிட்டமாக எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பார்க்கலாம். அந்த மாதிரியில் குடிக்க வேண்டாம். வழக்கமாக அச்சிடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 பாகையிலேயே இளகும், வெயிலில் நிறுத்திய ஓட்டோவுக்குள் வைத்தாலே கோணக்கூடும். அதன் படை படையான மேற்பரப்பில் பால் ஒளிந்துகொள்ளும். கைக்கு அடக்கமா, பெருவிரலுக்கு எட்டுகிறதா, திறந்த சின்ன மூடி மூக்கில் முட்டுகிறதா என்று பார்க்க மட்டும் அது.

வடிவத்தைப் பதிவு செய்வது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்கீழ் கைத்தொழில் வடிவமைப்பை 5 ஆண்டுக்குப் பதியலாம், மேலும் இரண்டு தடவை ஐந்தைந்து ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். அது தோற்றத்துக்குத்தான் பாதுகாப்பு. வேலை செய்யும் விதத்துக்கு ஆக்கவுரிமைப் பத்திரம் வேண்டும், குட்டை முளை மாதிரியான விஷயத்துக்கு அது கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. பதியும் எண்ணமிருந்தால், விண்ணப்பம் போட்ட பிறகு பேஸ்புக்கில் படம் போடுங்கள்.

முதல் தொகுதி மூடி கைக்கு வந்ததும் சிவப்புத் தண்ணீர்ச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பிறகு 60 பாகை வெறும் தண்ணீரை ஊற்றி, மூடியைத் துவாயால் பொத்திப் பிடித்துக்கொண்டு குலுக்குங்கள். நிரப்பிய போத்தலை ஒரு மீற்றர் உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில் தலைகீழாகப் போடுங்கள். உடைவதென்றால் பெரும்பாலும் பிணைச்சலோ கொளுக்கியோதான் உடையும். கடைசியாகப் பத்து மூடியை உங்கள் வாடிக்கையாளர் பத்துப் பேரிடம் ஒரு மாதத்துக்குக் கொடுத்து, கழுவிக் கொண்டுவரச் சொல்லி, வளையத்தை நீங்களே கழற்றி மணந்து பாருங்கள்.