கேள்வி-பதில்: பிடி சரியாகும் வரை பர்ஸைத் திறக்காதீர்கள்

போன மாதம் கோல்ஃப் கிளப், அதாவது பந்தை அடிக்கும் மட்டை, வாங்குவது பற்றி ஒரு கேள்விக்கு நாலு வரி பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களே இந்த வாரம் முழுக்க. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கோல்ஃப் ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது. டிரைவரால் (அதிக தூரம் அடிக்கும் நீளமான கிளப்) அடித்தால் பந்து வலப்பக்கமாக வளைந்து மரங்களுக்குள் போய்விடுகிறது. ஸ்லைஸை, அதாவது இந்த வளைவை, சரி செய்யும் டிரைவர் என்று கடையில் 46,000 ரூபாய்க்கு ஒன்றைக் காட்டுகிறார்கள். வாங்கலாமா?
*வாசகர், அண்ணா நகர்*

வாங்காதீர்கள். அடிபடும் நொடியில் கிளப்பின் முகம், வீச்சின் பாதையை விட வலப்பக்கம் திறந்திருப்பதால்தான் பந்து வலப்பக்கம் வளைகிறது. அந்த முகத்தைத் திறப்பதும் மூடுவதும் உங்கள் கைகள். இப்போதே ஒரு கிளப்பை எடுத்து இடது கையால் மட்டும் பிடித்துப் பாருங்கள். கிரிப், அதாவது கிளப்பின் கைப்பிடி உறை, சுண்டுவிரலின் அடியிலிருந்து ஆள்காட்டி விரலின் நடுக்கணு வரை, விரல்களின் மேலேயே சாய்வாகக் கிடக்க வேண்டும். பிறகு மற்ற விரல்களை எடுத்துவிட்டு, ஆள்காட்டி விரலின் கொக்கியிலும் உள்ளங்கையின் அடிச்சதையிலும் மட்டும் கிளப்பைத் தூக்க முடிகிறதா பாருங்கள். முடிந்தால் பிடி சரி. நழுவினால், கிளப்பை உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பழையபடி பிடித்துக் கீழே பார்க்கும்போது இடது கையின் இரண்டு முட்டிகளாவது தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறது என்றால் கையைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்புங்கள்.

அப்புறம், டிரைவர் முகத்தில் முகப்பவுடரை லேசாகத் தடவிவிட்டு நாலு பந்து அடியுங்கள். பந்து எங்கே படுகிறது என்று அச்சு விழும். ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) பக்கமாகவே விழுந்தால் ஸ்லைஸுக்கு அதுவும் ஒரு காரணம்.

எட்டு வருடத்துக்கு முன் நான் இதே வாக்குறுதியை நம்பி இப்படி ஒரு டிரைவர் வாங்கினேன். எடையைக் குதிகால் பக்கம், அதாவது ஷாஃப்ட் சேரும் பக்கம், கூட்டி வைத்த டிரைவர் கொஞ்சம் உதவும், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் என் பந்து ஒரு வருடம் அதே மரங்களுக்குள்தான் போனது. கடைசியில் ஒரு பயிற்சியாளர் என் இடது கையை ஒரு விரலளவு திருப்பி வைத்தார், பத்து நிமிட வேலை. அந்த ஒரு வகுப்புக்குக் கொடுத்ததுதான் நான் கோல்ஃபில் செலவழித்த நல்ல பணம்.

புதிதாகக் கற்பவன் முழு செட் வாங்க வேண்டுமா?
*வாசகர், திருச்சி*

வேண்டாம். விதிப்படி 14 கிளப் வரை வைத்துக்கொள்ளலாம், 14 இருந்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. தூர அடிக்கு ஒரு ஹைபிரிட், நடுத்தூரத்துக்கு 7-ஆம் நம்பர் அயர்ன், 9-ஆம் நம்பர் அயர்ன் (இரும்புத் தலை கிளப்புகள்), மணல் குழியிலிருந்து எடுக்க ஒரு சாண்ட் வெட்ஜ், குழிக்குள் உருட்ட ஒரு பட்டர் (putter) போதும். ஒரு வருடம் கழித்து எது குறைகிறது என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு தோல் கையுறை கிழிகிறது. எந்த பிராண்ட் நீடித்து உழைக்கும்?
*வாசகர், நங்கநல்லூர்*

எந்த இடத்தில் கிழிகிறது என்று எழுதவில்லையே. இடது உள்ளங்கையின் அடிச்சதையில் ஓட்டை விழுந்தால் பிராண்டை மாற்றிப் பயனில்லை. ஒவ்வொரு அடியிலும் கிளப் கைக்குள் நழுவி அங்கே உரசுகிறது. ஒன்று முதல் பதிலில் சொன்ன உள்ளங்கைப் பிடி, இல்லையென்றால் தேய்ந்து வழவழப்பான கிரிப். பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், பழைய டூத் பிரஷ் வைத்து கிரிப்பைத் தேய்த்துக் காய வையுங்கள். ஒட்டும் தன்மை திரும்பவில்லை என்றால் கிரிப்பை மட்டும் மாற்றுங்கள். மாற்றும்போது தடிமனும் பாருங்கள்: இடது கையால் பிடித்தால் நடு இரண்டு விரல்களின் நுனி உள்ளங்கையை லேசாகத் தொட வேண்டும், குத்தவும் கூடாது, இடைவெளி விட்டு நிற்கவும் கூடாது.

நம் ஊர் வியர்வைக்கு இரண்டு கையுறை வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். ஈரக் கையுறையைச் சுருட்டிப் பைக்குள் திணித்தால் தோல் விறைத்து வெடிக்கத்தான் செய்யும்.

கிளப்புகளைக் காரிலேயே வைத்திருக்கலாமா?
*வாசகர், வேலூர்*

கூடாது. வேலூர் மே மாத வெயிலில் மூடிய டிக்கிக்குள், தலையையும் ஷாஃப்டையும் ஒட்டியிருக்கும் பசை இளகக்கூடும்.

ஆன்லைனில் பிரபல பிராண்டின் புத்தம்புது அயர்ன் செட் 24,000 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். கடையில் ஒரு லட்சத்துக்கு மேல். யுபிஐ-யில் பணம் கட்டினேன். மூன்றாம் நாள் ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) 8-ஆம் நம்பரின் தலை கழன்று பறந்துவிட்டது. விற்றவர் போனை எடுப்பதில்லை.
*வாசகர், கோயம்புத்தூர்*

யார் மேலும் படவில்லை என்று நம்புகிறேன். மலிவு விலைக்கு ஆசைப்பட்டது உங்கள் தப்பு என்று நாலு பேர் சொல்லியிருப்பார்கள். அதைக் காதில் வாங்காதீர்கள். போலியை அசல் என்று விற்றவர்தான் தப்பு செய்தவர்.

முதலில், அந்த செட்டை இனி யாரும் தொட வேண்டாம், கழன்ற தலையை ஒட்டவும் வேண்டாம். தலையும் ஷாஃப்டும் சேரும் இடம், எழுத்துகளின் வெட்டு, ஹோசலில் (ஷாஃப்ட் நுழையும் தலையின் கழுத்தில்) உள்ள வரிசை எண் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் படமெடுங்கள். அந்த எண்ணை பிராண்டின் வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பி, அவர்களுடையதா என்று எழுத்தில் பதில் கேளுங்கள். (டிரைவர் வாங்குபவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: டைட்டானியம் என்று விற்கும் தலையில், திருகும் எடைத்துண்டும் இல்லாத இடத்தில் காந்தம் ஒட்டினால் அது டைட்டானியம் இல்லை.)

வலைத்தளம் வழியாக வாங்கியிருந்தால் அதன் குறைதீர் அதிகாரிக்குப் புகார் அனுப்புங்கள். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் கோவையிலேயே வழக்குப் போடலாம், விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் சரி. 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருட அவகாசம் உண்டு. யுபிஐ பரிவர்த்தனை எண்ணைப் பத்திரமாக வையுங்கள்.

தெரிந்தவர் சொன்ன ஒருவரிடம் பழைய செட் 35,000 ரூபாய்க்கு ரொக்கமாக வாங்கினேன். பில் இல்லை. வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் எல்லாம் ஸ்டிஃப் ஷாஃப்ட் (வேகமாக வீசுபவர்களுக்கான விறைப்பான தண்டு), எனக்கு வயது 58. திருப்பிக் கொடுக்கச் சட்டம் உண்டா?
*வாசகர், மதுரை*

பையைக்கூடத் திறந்து பார்க்காமல் 35,000 கொடுத்திருக்கிறீர்கள். ஸ்டிஃப் என்று ஷாஃப்டிலேயே அச்சடித்திருக்கும், மறைத்து வைக்கவில்லை. அவர் வியாபாரியும் இல்லை, பில்லும் இல்லை, பொருளில் பழுதும் இல்லை. சட்டத்தைத் தேடாதீர்கள், அவரிடம் நேரில் போய்ப் பேசிப் பாருங்கள்.

கடையில் திரையில் தூரம் காட்டும் சிமுலேட்டரில் புது 7-ஆம் நம்பர் அயர்னால் அடித்தேன். என் இருபது வருடப் பழைய 7-ஐ விட 20 யார்டு அதிகம் போகிறது. நிஜமாகவே இவ்வளவு முன்னேற்றமா?
*வாசகர், ஊட்டி*

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று ரொம்ப நாளாகக் காத்திருந்தேன்.

பழைய 7-ஆம் நம்பரின் லாஃப்ட், அதாவது முகத்தின் சாய்வு, 35 டிகிரி வாக்கில் இருந்தது. சாய்வு குறையக் குறையப் பந்து தூரம் போகும். இன்று புதியவர்களுக்கென்று விற்கும் பல 7-ஆம் நம்பர்களில் அது 30-க்கும் கீழே. பழைய செட்டில் 28 டிகிரி என்றால் அது 5-ஆம் நம்பர், 32 என்றால் 6-ஆம் நம்பர். ஷாஃப்டையும் கொஞ்சம் நீட்டியிருக்கிறார்கள். ஆக, உங்கள் கையில் கொடுத்தது 7 என்று எழுதிய பழைய 5 அல்லது 6. சந்தையில் முக்கால் கிலோ படிக்கல்லில் ஒரு கிலோ என்று முத்திரை குத்தினால் நாம் சும்மா விடுவோமா? இங்கே மட்டும் ஏன் கைதட்டுகிறோம்?

தொழில்நுட்பமே இல்லை என்று சொல்ல மாட்டேன். தலையின் எடையைத் தாழ்த்தி வைத்திருப்பதால் குறைந்த லாஃப்டிலும் பந்து உயர எழும்புகிறது, அது நிஜமான உதவி. என் கோபமெல்லாம் எண்ணின் மேல்தான். பெரும்பாலான அயர்ன்களின் அடியில் 7 என்று மட்டும்தான் இருக்கும், டிகிரி இருக்காது. அதன் விளைவு செட்டின் மறுமுனையில் வந்து விழுகிறது. 9-ஆம் நம்பருக்கு அடுத்த கிளப்பான பிட்சிங் வெட்ஜும் 43, 44 டிகிரிக்கு இறங்கிவிட, 56 டிகிரி சாண்ட் வெட்ஜுக்கு நடுவில் பெரிய பள்ளம். அந்தப் பள்ளத்தை நிரப்பத் தனியாக ஒரு கேப் வெட்ஜ் வாங்கச் சொல்வார்கள். நான் வாங்கினேன். இரண்டு வருடம் கழித்துத்தான், அது என் பழைய செட்டின் பிட்சிங் வெட்ஜேதான், டிகிரி மாறாமல், என்று அளந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அதனால் கடையில் எத்தனை யார்டு என்று கேட்காதீர்கள், எத்தனை டிகிரி என்று கேளுங்கள். தயாரிப்பாளரின் வலைத்தளத்தில் லாஃப்ட் அட்டவணை இருக்கும். உங்கள் பழைய 5-ஐயும் எடுத்துக்கொண்டு போய் புது 7-உடன் ஒப்பிடுங்கள். சிமுலேட்டரின் பாயில் அடிப்பதையும் முழுதாக நம்ப வேண்டாம். பந்துக்குப் பின்னால் தரையில் பட்டாலும் பாயில் கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடித்துவிடும். புல்லில் அதே அடி பாதி தூரம்கூடப் போகாது.

ஒன்பது வயது மகளுக்கு என் பழைய கிளப்பை அறுத்துக் கொடுக்கலாமா?
*வாசகி, ஈரோடு*

வேண்டாம்மா. அறுத்தால் ஷாஃப்ட் இன்னும் விறைப்பாகும், தலையின் கனம் அப்படியே இருக்கும், குழந்தை அதைத் தூக்கவே தப்பான வீச்சைப் பழகும். உயரத்துக்கு ஏற்ற ஜூனியர் கிளப் மூன்று வாங்குங்கள்.

பத்து வகுப்புக்கு 20,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். மூன்று வகுப்போடு பயிற்சியாளர் வேறு ஊருக்குப் போய்விட்டார். ரசீதில் 'பணம் திருப்பித் தரப்படாது' என்று இருக்கிறதாம்.
*வாசகி, சென்னை*

நீங்கள் பாதியில் விட்டிருந்தால் அந்த வரியைக் காட்டிப் பேசலாம். அவர்களே வகுப்பு எடுக்காதபோது அந்த வரி அவர்களைக் காப்பாற்றாது, இது சேவைக் குறைபாடு. நடக்காத ஏழு வகுப்புக்கு 14,000 ரூபாய் என்று கணக்குப் போட்டு, நடந்த மூன்றின் தேதிகளையும் எழுதி, 15 நாள் கெடு கொடுத்து, ரசீது நகலோடு ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். வேறு பயிற்சியாளரைத் தருகிறோம் என்பார்கள், விருப்பம் இருந்தால் மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் 1915, பிறகு ஆணையம். கடிதத்தின் நகல் ஒன்றை எனக்கும் அனுப்புங்கள், அடுத்த மாதம் என்ன ஆனது என்று நானே விசாரிக்கிறேன்.