வீட்டை மனைவி பேர்ல எழுதிட்டா தப்பிக்குமா?

கேள்வி: வக்கீல் சார் வணக்கம், பேரணாம்பட்டுல ஷூ அப்பர் தைக்கிற யூனிட்டு, நானும் சகலையும் பார்ட்னர். தோல் வாங்கின வகையில ஒரு டேனரிக்கு 14 லட்சம் பாக்கி, போன வாரம் வக்கீல் நோட்டீஸ் வந்துடுச்சு. பில்லுல கையெழுத்து போட்டது சகலைதான். காட்பாடியில என் பேர்ல ஒரு வீடு இருக்கு, சட்டுனு வீட்டுக்காரம்மா பேர்ல செட்டில்மெண்ட் எழுதிட்டா ஜப்தியில இருந்து தப்பிக்குமா? (பேர் போடாதீங்க சார்)

பதில்: எழுதலாம், பதிவும் ஆகும், ஆனா நிக்காது சார். கடன் கொடுத்தவருக்கு டிமிக்கி குடுக்க சொத்தை கைமாத்துனா அவரு கேஸ் போட்டு அதை ரத்து பண்ண வெக்கலாம், 1882-ம் வருஷ சொத்துரிமை மாற்றுச் சட்டம் 53-ம் பிரிவு. எங்கிட்ட ஒருத்தர் வந்தாரு, நோட்டீஸை வாங்கினது ஒரு திங்கக்கிழமை, செட்டில்மெண்ட் பதிவானது அடுத்த வாரம் புதன்கிழமை, அதுவும் பைசா கைமாறாம. எதிர் வக்கீல் ரொம்ப பேசவே இல்ல, நோட்டீஸ் வாங்கினதுக்கு கையெழுத்து போட்ட தபால் அட்டையையும், பதிவு தேதி இருக்கிற இ.சி.யையும் (வில்லங்கச் சான்று) பக்கத்துல பக்கத்துல வெச்சாரு அவ்ளோதான், இவரு கூண்டுல நின்னு "அதான் பொண்டாட்டி பேர்ல கீதே சார்"னு அதையே சொல்லிக்கிட்டிருந்தாரு. நீங்க எழுதப்போற சேதி கசிஞ்சாலே தீர்ப்புக்கு முந்தியே வீட்டை அட்டாச் (ஜப்தி) பண்ணச் சொல்லி மனு போட்டுடுவாங்க.

சகலை கையெழுத்துன்னு சொல்லியும் தப்பிக்க முடியாது, பார்ட்னர்ஷிப்னா யூனிட்டு கடன் முழுசுக்கும் ரெண்டு பேருமே பொறுப்பு, 1932-லயே சட்டம் அப்படித்தான். இதை யூனிட்டு ஆரம்பிக்கிறப்பவே எல்எல்பி-ஆ, அதாவது பார்ட்னருங்க பொறுப்புக்கு வரம்பு வெச்ச பார்ட்னர்ஷிப்பா போட்டிருந்தா பாக்கி யூனிட்டோட நின்னிருக்கும், இப்ப மாத்தினாலும் பழைய பாக்கிக்கு நீங்கதான். பேங்குல கேரண்டி கையெழுத்து வேற போட்டிருந்தா எல்எல்பி எல்லாம் பேருக்குத்தான்.

சரி, எதுல கை வைக்க முடியாது? சமையல் பாத்திரம், பாய் படுக்கை, வீட்டுக்காரம்மா கழுத்துல இருக்கிற தாலி, பி.எஃப். பணம், உங்க உசுரு மேல எடுத்த இன்சூரன்ஸ் பணம், இதெல்லாம் சிவில் நடைமுறைச் சட்டம் 60-ம் பிரிவுல விலக்கு. அவங்க பொறந்த வீட்டுல இருந்து கொண்டுவந்த நகை அவங்களோடது, உங்க கடனுக்கு எடுக்க முடியாது, ஜாமீன் கையெழுத்து மட்டும் போட வெச்சிடாதீங்க.

கடன் இல்லாத வாசகர்களுக்கு ஒண்ணு, டேர்ம் பாலிசி (இறந்தா மட்டும் குடும்பத்துக்கு பணம் வர்ற ஆயுள் இன்சூரன்ஸ்) எடுக்கிறப்பவே 1874-ம் வருஷ திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்துல போடச் சொல்லுங்க, அந்தப் பணம் மனைவி குழந்தைங்களுக்கான டிரஸ்ட் மாதிரி, உங்களுக்கு கடன் கொடுத்தவங்க தொட முடியாது. எடுத்து முடிச்ச பாலிசியில பின்னாடி சேர்க்க முடியாது, ஏஜெண்டுங்க இதை சொல்றதே இல்ல, எனக்கு அதுல ஒரு கடுப்பு.

உங்களுக்கு இப்ப வேலை வேற. பில்லு, திருப்பி அனுப்பின தோலு, ஏற்கெனவே கட்டினது எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சு நிஜ பாக்கி 14தானான்னு மொதல்ல பாருங்க, அப்புறம் நோட்டீஸுல குடுத்த கெடுவுக்குள்ள பதில் போட்டுட்டு டேனரிக்காரரையே நேர்ல பாத்து தவணை பேசுங்க. கேஸ் ஆயிட்டாலும் லோக் அதாலத்துல (சமரசமா முடிக்கிற மக்கள் நீதிமன்றம்) முடிச்சா அவரு கட்டின கோர்ட் ஃபீஸ் திரும்ப வரும், அதுக்காகவே பாதி பேரு இறங்கி வருவாங்க.