பிள்ளை புத்திசாலிதான், டெஸ்ட் எடுக்கணுமா?

பள்ளிக்கூட ரிசல்ட் வந்த கையோடு எனக்குக் கடிதங்கள் குவியும். இந்த முறை மார்க் பற்றிய புலம்பல் குறைவு, "எங்கள் பிள்ளைக்கு அபார மூளை, ஐக்யூ டெஸ்ட் எடுக்கலாமா" என்பதுதான் அதிகம். மும்பையில் ஏதோ காற்று அடிக்கிறது போல. நாலு கடிதங்களுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன், மற்றவர்கள் தங்களுக்கு வேண்டியதை இதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

என் மகனுக்கு ஐந்தரை வயது, சீனியர் கேஜி படிக்கிறான். சிஎஸ்எம்டியிலிருந்து கல்யாண் வரை எல்லா ஸ்டேஷனையும் முன்னும் பின்னும் ஒப்பிப்பான். மூன்று வயதிலேயே ஆங்கிலம் வாசித்தான். வகுப்பில்தான் உட்கார மாட்டேன் என்கிறான். 'கிஃப்டட் குழந்தையா இருக்கலாம், டெஸ்ட் பண்ணிப் பாருங்க' என்கிறார் டீச்சர். மாமியாரோ வெளியே சொன்னால் கண்பட்டுவிடும் என்கிறார். என்ன செய்யட்டும்?
டோம்பிவிலி வாசகி

மாமியார் சொல்வதில் பாதி சரி. கண் படுமோ படாதோ, வருகிறவர் போகிறவர் முன்னால் பிள்ளையை நிறுத்தி "திவாவுக்கு அப்புறம் எந்த ஸ்டேஷன், சொல்லுடா கண்ணா" என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள். ஸ்டேஷன் பெயர் ஒப்பிப்பது நல்ல ஞாபகசக்தி, அவ்வளவுதான், அதை வைத்து மட்டும் மீத்திறன் குழந்தை என்று சொல்லிவிட முடியாது. அந்த ஞாபகத்தை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். ஒருநாள் சாவகாசமாக, "டோம்பிவிலியில் ஃபாஸ்ட் வண்டி ஏறினோம், வித்யாவிஹார் போகணும், ஆனா ஃபாஸ்ட் அங்கே நிற்காதே, என்ன பண்ணலாம்?" என்று கேளுங்கள். "காட்கோபர்ல இறங்கி ஸ்லோ பிடிக்கலாம்" என்றால் சபாஷ். "குர்லா வரைக்கும் போயிட்டுத் திரும்பியும் வரலாம், ஆனா அது ஒரு ஸ்டேஷன் வீண்" என்று தானாகச் சேர்த்துச் சொன்னால், அங்கே யோசனை நடக்கிறது. வாசிப்பும் இப்படித்தான். எழுத்துக்கூட்டாமல் கடகடவென்று வாசிக்கிற சில குழந்தைகளுக்கு வாசித்தது என்ன என்று புரிந்திருக்காது. கதையை வாசித்து முடித்ததும் "அந்தக் காக்கா ஏன் அப்படிப் பண்ணிச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தெரியாமல் அடுத்த பக்கத்துக்கே ஓடுகிறான், ஆட்களோடும் அவ்வளவாக ஒட்டுவதில்லை என்றால், டெஸ்ட் சென்டரை விட்டுவிட்டு குழந்தை வளர்ச்சி மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது. பயமுறுத்தச் சொல்லவில்லை, இரண்டும் வேறு வேறு பாதை என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது டெஸ்ட். ஆறு வயதுக்கு முன்னால் எடுக்கிற ஐக்யூ எண் அவ்வளவாக நிலைக்காது. தூக்கம், பசி, புது ஆளைக் கண்ட கூச்சம் எல்லாமே எண்ணில் ஏறிவிடும். இரண்டு வருடம் கழித்து எடுத்தால் வேறு எண் வரும், சில சமயம் ரொம்பவே வேறு. ஆகவே அவசரமில்லை. பிறகு எடுக்கும்போது என்ன நடக்கும் என்றால், ஒரு உளவியலாளர் குழந்தையைத் தனியாக உட்காரவைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டைகளை அடுக்கச் சொல்வார், படத்தில் விட்டுப்போனதைக் கேட்பார், வார்த்தைக்கு அர்த்தம் கேட்பார், எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வார். சராசரி 100 வருகிற மாதிரி கணக்கு அமைத்திருப்பார்கள். 130-க்கு மேல் என்றால் நூற்றில் ஏறக்குறைய இரண்டு பேர். நம் ஊரில் பல இடங்களில் இன்னும் புழங்குவது நாக்பூரில் மாலின் என்பவர் 1969 வாக்கில் இந்தியக் குழந்தைகளுக்காக மாற்றியமைத்த தேர்வு. அந்தக் காலத்துப் பிள்ளைகளோடுதான் உங்கள் பிள்ளையை ஒப்பிடுகிறது. தலைமுறைக்குத் தலைமுறை இந்தத் தேர்வுகளில் மதிப்பெண் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது என்பது உலகம் முழுக்கப் பார்த்த விஷயம், ஆகவே பழைய அளவுகோலில் அளந்தால் எண் கொஞ்சம் உப்பலாகத்தான் வரும். யாராவது 145 என்று சொன்னால், எந்தத் தேர்வு, எந்த வருட அளவுகோல் என்று கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

இன்னொன்று மொழி. வீட்டில் தமிழ், கீழே விளையாடும்போது இந்தி, பள்ளியில் ஆங்கிலம், தெருவில் கடை போர்டில் மராத்தி என்று வளர்கிற பிள்ளையிடம் ஆங்கிலத்தில் மட்டும் வார்த்தை கேட்டு எண் போட்டால் அது பாதி அளவுதான். படங்களையும் வடிவங்களையும் வைத்துக் கேட்கிற பகுதியைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். சோதிப்பவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா என்று பதிவு எண்ணைக் கேட்டே பணம் கட்டுங்கள்.

அதெல்லாம் இருக்கட்டும், எண் வந்தால் என்ன மாற்றப் போகிறீர்கள்? பள்ளியை மாற்றுவீர்களா, ஒரு வகுப்பு தாண்டவைப்பீர்களா? இரண்டுமில்லை என்றால் இப்போதைக்கு டீச்சரிடம் பேசி, அவன் வேலையை முடித்ததும் எடுத்துப் படிக்க ஒரு புத்தகம் பையிலேயே இருக்கட்டும் என்று கேளுங்கள். உட்காராத பையன்கள் பாதிப் பேர் அதிலேயே உட்கார்ந்துவிடுவார்கள்.

என் மகளுக்கு ஒன்பது வயது. எங்கள் சொசைட்டியில் 'மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்' என்று வகுப்பு போட்டார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு குழந்தைகள் புத்தகம் வாசித்தார்கள், நானே பார்த்தேன். கைரேகையை ஸ்கேன் செய்து எந்தத் துறையில் மேதை ஆவாள் என்றும் சொல்கிறார்களாம். சேர்த்துவிடட்டுமா?
செம்பூர் வாசகர்

வேண்டாம். நடுமூளை பிறந்த நாளிலிருந்தே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, கண்ணை அசைப்பதும் சத்தம் வந்த பக்கம் திரும்புவதும் அதன் துணையோடுதான், அதை யாரும் காசு வாங்கிக்கொண்டு தட்டி எழுப்ப வேண்டியதில்லை. கண்கட்டு வித்தைக்கு விடை மூக்குப் பக்கம் இருக்கிறது. நீங்களே ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கீழே பாருங்கள், மூக்கோரம் ஒரு கீற்று வெளிச்சம் வரும். புத்தகத்தை மடியில் வைத்தால் வாசிக்கலாம், நெற்றிக்கு நேராகப் பிடித்தால் முடியாது. அந்தக் குழந்தைகள் தலையை எப்படிச் சாய்த்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். இதில் எனக்கு ஆகாதது பணம்கூட இல்லை, ஒன்பது வயதுப் பெண்ணை அப்பா அம்மா முன்னால் நடிக்கப் பழக்குகிறார்களே, அதுதான்.

கைரேகை கருவிலேயே, பிறப்பதற்குப் பல மாதம் முன்பே அமைந்துவிடுகிற ஒன்று. அதற்கும் புத்திக்கூர்மைக்கும் முடிச்சுப் போடுவதற்கு அறிவியல் ஆதாரமில்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமே 2019-ல் சொல்லியிருக்கிறது. அந்தப் பணத்துக்கு ஒரு வருஷம் நூலகச் சந்தா கட்டி, மீதியில் வடா பாவ் வாங்கிக் கொடுங்கள்.

மகள் ஐந்தாம் வகுப்பு. பேச ஆரம்பித்தால் எங்களால் பதில் சொல்ல முடியாது. 'மராத்தியில ள இருக்கு, தமிழ்லயும் இருக்கு, இந்திக்கு மட்டும் ஏன் இல்லே?' என்று போன வாரம் கேட்டாள். ஆனால் எழுத்துப் பரீட்சையில் நாற்பதைத் தாண்டுவதில்லை. ஒரே பக்கத்தில் ஒரே வார்த்தையை மூன்று விதமாக எழுதுகிறாள். சோம்பேறி என்கிறார்கள் பள்ளியில். இவளைப் போய் புத்திசாலி என்று நினைத்தது எங்கள் பிரமையா?
மாட்டுங்கா வாசகி

பிரமை இல்லை அம்மா. இந்த ள கேள்வி எனக்கு இதுவரை தோன்றியதில்லை, இந்த ஊரில் நாற்பது வருடமாக மூன்று மொழி போர்டையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளி கவுன்சலராக இருந்தபோது ஏழாம் வகுப்பில் ஒரு பையன். அரைப் பக்கம் எழுத முக்கால் மணி நேரம் ஆகும், பென்சிலைப் பிடிக்கிற பிடியில் விரல் நுனி வெளுத்திருக்கும். அதே பையன் என் அறையில் சுற்றாமல் நின்றுபோன டேபிள் ஃபேனைப் பார்த்துவிட்டு, "மிஸ், இது மோட்டார் இல்லே, ஒயர்தான், இப்படி வளைச்சா ஓடுது பாருங்க" என்று காட்டினான். நான் ஃபேனைச் சரிசெய்துகொண்டேன், அவன் அம்மாவிடம் "கவனம் போதவில்லை, நாலு வரி நோட்டில் எழுதப் பழக்குங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு வருடம் கழித்து வேறொருவர் முறையாகச் சோதித்தார். வடிவங்களை வைத்து யோசிக்கிற பகுதியில் வகுப்பிலேயே யாரும் அவன் கிட்டே வர முடியாது, எழுதுகிற வேகத்தில் அடிமட்டம், இரண்டையும் கூட்டி வகுத்தால் சாதாரணமான ஒரு எண். அந்த இரண்டு வருடமும் நாலு வரி நோட்டிலேயே போனது என்னால்தான்.

ஆகவே உங்கள் விஷயத்தில் நான் டெஸ்ட் எடுங்கள் என்றே சொல்வேன், டோம்பிவிலி அம்மாவுக்குச் சொன்னதற்கு நேர்மாறாக. கற்றல் குறைபாட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். புத்திக்கூர்மையும், வாசிப்பிலும் எழுத்திலும் தடுமாறவைக்கிற டிஸ்லெக்ஸியாவும் ஒரே தலையில் தாராளமாக இருக்கும், ஒன்று இன்னொன்றை மறைத்துவிடுவதால்தான் சோம்பேறி என்ற பெயர் வருகிறது. ரிப்போர்ட்டில் மொத்த எண்ணை விட்டுவிட்டு, பகுதி பகுதியாகப் போட்டிருக்கும் எண்களுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே சயான் மருத்துவமனையில் இதற்கென்றே கிளினிக் இருக்கிறது, காத்திருக்க வேண்டிவரும், போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வாருங்கள். சான்றிதழ் கிடைத்தால் மகாராஷ்டிரா போர்டு பரீட்சையில் கூடுதல் நேரம் உண்டு, எழுத்துப்பிழைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். அதுவரை கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்லச் சொல்லி நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பேப்பரை டீச்சரிடம் காட்டுங்கள்.

பேரனுக்குப் பத்து வயது. ஐக்யூ 128 வந்திருக்கிறது. 130 இருந்தால்தான் கிஃப்டட் என்று சொன்னார்களாம், இரண்டு பாயிண்டில் போய்விட்டதே என்று மருமகள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த மாதமே மறுபடி எடுக்கலாம் என்கிறாள். ராமானுஜன் எந்த டெஸ்ட் எழுதினார் என்று நான் கேட்டால் கோபம் வருகிறது. நீங்கள் சொல்லுங்கள்.
முலுண்ட் தாத்தா

ஐயா, ராமானுஜனை விட்டுவிடுவோம், அவர் கணக்கு தவிர மற்றதில் தவறிப்போன பரீட்சைகளைச் சொன்னால் மருமகளுக்கு இன்னும் கோபம் வரும்.

128 என்பது கறாரான எண்ணே இல்லை. ஐந்து பாயிண்ட் மேலே கீழே என்று வைத்துத்தான் அதைப் படிக்க வேண்டும், நல்ல ரிப்போர்ட்டில் அப்படியே ஒரு வீச்சாகப் போட்டிருப்பார்கள். 128-க்கும் 130-க்கும் நடுவே இருப்பது அன்று காலை அவன் இட்லி சாப்பிட்டானா இல்லையா என்கிற வித்தியாசம். அடுத்த மாதமே எடுத்தால் ஏறத்தான் செய்யும், கேள்விகள் பழகியிருக்குமே. ஒரு வருடமாவது விடவேண்டும் என்பது அதற்குத்தான்.

அமெரிக்காவில் டெர்மன் என்ற உளவியலாளர் 1921-ல் ஆரம்பித்து, ஐக்யூ பார்த்து ஆயிரத்தைந்நூறு பிள்ளைகளுக்குக் குறையாமல் தேர்ந்தெடுத்து, காலம் முழுக்கப் பின்தொடர்ந்தார். நன்றாகத்தான் வந்தார்கள், ஆனால் நோபல் வாங்கியவர் அதில் ஒருவரும் இல்லை. சோதித்துப் பார்த்து எண் போதாது என்று விட்டுவிட்ட பிள்ளைகளில் இரண்டு பேர், ஷாக்லியும் ஆல்வாரெஸும், 1956-லும் 1968-லும் இயற்பியலுக்கு வாங்கினார்கள். இதை மருமகளிடம் சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லுங்கள், முன்னால் வேண்டாம்.

பையனுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்றால் ஆறாம் வகுப்பில் ஹோமி பாபா பால வைஞானிக் தேர்வு வருகிறது, அதில் செய்முறையும் உண்டு, மும்பைப் பிள்ளைகள் ஆசையாக எழுதுவார்கள். எழுதட்டும், பரிசு வராவிட்டாலும் பரவாயில்லை. அப்புறம், தினமும் உங்களோடு செஸ் ஆடுகிறான் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்களே, இப்போதெல்லாம் ஜெயிப்பது யார்?