நூறு துண்டு என்றால் நூறும் டைல்ஸ் இல்லை

கேள்வி: என் மகளுக்கு நாலு வயது. ஓரங்களுக்குள் காந்தம் வைத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் கலர் கலரான பிளாஸ்டிக் துண்டுகளால் வீடு கட்டி விளையாடும் காந்த டைல்ஸ் செட் ஒன்று பாதி விலைக்கும் கீழே வந்திருக்கிறது, நூறு துண்டு என்று போட்டிருக்கிறார்கள். வாங்கிப் போடலாமா, இல்லை ஏமாற்று வேலையா?

பதில்: தள்ளுபடியை அப்புறம் பார்ப்போம், முதலில் அந்த நூறில் என்னென்ன இருக்கிறது என்று படத்தைப் பெரிதாக்கி எண்ணிப் பாருங்கள். பல செட்களில் எழுத்து அட்டை, எண் அட்டை, சக்கரம், ஒட்டுப்படம், குட்டி வேலி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் நூறு ஆக்கியிருப்பார்கள், அதில் நிஜமான டைல்ஸ் நாற்பதோ ஐம்பதோ இருந்தால் அதிகம். குழந்தைக்குத் தேவைப்படுவது சதுரமும், அதே அளவு பக்கமுள்ள முக்கோணமும்தான். நாலு சுவர், மேலே நாலு முக்கோணத்தில் கூரை, ஆக ஒரு சின்ன வீட்டுக்கே எட்டு துண்டு போய்விடும். அதையே மாடி வீடாக்கினால் சுவருக்கு எட்டு சதுரம், நடுவில் தளத்துக்கு ஒன்று, கூரைக்கு நாலு முக்கோணம் என்று பதின்மூன்று. பன்னிரண்டு சதுரம் மட்டும் உள்ள செட்டை வாங்கி வந்தால் மாடி வீடு ஒன்று கட்டியதும் மிச்சம் மூன்று சதுரம்தான் நிற்கும், அடுத்த வீடு கட்ட முடியாத கோபத்தில் பிள்ளை அழும், நீங்கள் இரண்டாவது செட் தேடுவீர்கள். அதனால் விலையைத் துண்டு எண்ணிக்கையால் வகுக்காமல் சதுரமும் முக்கோணமும் சேர்ந்த எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். அப்படி வகுத்த பிறகும் மலிவு என்றால் நிஜமாகவே மலிவு. அடித்துப் போட்ட பழைய விலையை மட்டும் நம்பாதீர்கள், அந்த விலைக்கு யாராவது எப்போதாவது வாங்கினார்களா என்பதே சந்தேகம்.

வந்து சேர்ந்ததும் குழந்தை கையில் கொடுக்காமல் அரைமணி நேரம் நீங்கள் விளையாடுங்கள். ஒவ்வொரு டைலின் விளிம்பையும் இரண்டு விரலால் அழுத்தி, லேசாகத் திருகி, ஒட்டு வாய் திறக்கிறதா என்று பாருங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மூலையில் மயிரிழை விரிசல் இருந்தாலும் தெரியும். மூலைகளில் ரிவெட் என்கிற உலோக ஆணி அடித்தது வெறும் ஒட்டு மட்டும் உள்ளதைவிட நம்பகமானது. குலுக்கும்போது உள்ளே லேசாகக் கடகடவென்று கேட்டால் பயப்பட வேண்டாம், பல செட்களில் காந்தம் தன் குழிக்குள் சுழலும்படிதான் வைத்திருப்பார்கள், அப்படிச் சுழல்வதால்தான் எந்தப் பக்கத்தைக் காட்டினாலும் தள்ளாமல் ஒட்டுகிறது. ஒரு சதுரத்தைக் கையில் பிடித்து அதன் கீழே ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டுப் பாருங்கள். இரண்டாவதிலேயே பொத்தென்று விழுந்தால் அந்தச் செட்டில் மாடி வீடு நிற்காது, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: காந்தத்தை விழுங்கினால் ஆபத்து என்கிறார்களே, சின்ன நாணயத்தை விழுங்குவது போலத்தானே?

பதில்: இல்லவே இல்லை. தனி நாணயம் பெரும்பாலும் தன் வழியில் போய்விடும். இரண்டு காந்தம், அல்லது ஒரு காந்தமும் ஓர் இரும்புத் துண்டும் உள்ளே போனால், குடலின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துச் சதையை நசுக்கும். அந்த இடத்துக்கு ரத்தம் போகாமல் குடலே துளைபட்டுப்போகும். முதலில் வாந்தி, வயிற்றுவலி என்று சாதாரண வயிற்றுக் கோளாறு மாதிரிதான் தெரியும், அதில்தான் பெற்றோர் ஏமாந்துபோகிறார்கள். அமெரிக்காவில் மேக்னடிக்ஸ் என்ற கட்டுமானப் பொம்மையிலிருந்து கழன்ற காந்தங்களை விழுங்கி ஒரு குழந்தை இறந்த பிறகு, 2006-ல் ஏறக்குறைய 38 லட்சம் செட்களைத் திரும்பப் பெற்றார்கள். டைல் உடையாதவரை காந்தம் உள்ளேதான் இருக்கும். ஆகவே விரிசல் விட்டதைப் பசை போட்டு ஒட்டி மறுபடி விளையாடக் கொடுக்காதீர்கள், அன்றைக்கே தூக்கிப் போடுங்கள், அதுவும் குப்பையைக் கிளறும் தம்பி தங்கைக்கு எட்டாத இடத்தில். விழுங்கியிருப்பானோ என்ற சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரி, வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, வீட்டில் வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. போனதும் முதல் வார்த்தையாக "காந்தம்" என்று சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் ஒட்டிக்கொண்ட இரண்டு காந்தம் ஒரே காந்தம் போலத் தெரியக்கூடும்.

கேள்வி: ஏற்கெனவே வேறு கம்பெனி செட் இருக்கிறது. புதியதோடு சேருமா?

பதில்: பெரும்பாலும் சேரும். சதுரத்தின் பக்கம் ஏறக்குறைய மூன்று அங்குலம், அதாவது ஏழரை சென்டிமீட்டர், இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். சின்ன அளவில் வருவதும் உண்டு, அதை வாங்கினால் காந்தம் ஒட்டும், வீடு மட்டும் கோணலாகும்.

கேள்வி: வாங்கிக் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது. மூன்று வயது மகன் தரையில் பரப்பி வைப்பதோடு சரி, எதையும் நிமிர்த்திக் கட்டுவதில்லை. பணம் வீணா?

பதில்: வீண் இல்லை, எல்லாப் பிள்ளைகளும் தரையில்தான் ஆரம்பிக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நாலு முக்கோணத்தை ஒரே பெரிய முக்கோணமாகத் தரையில் ஒட்டி வையுங்கள், நடுவில் ஒன்று, சுற்றிலும் மூன்று. மூன்று முனைகளையும் பிடித்து ஒன்றாக மேலே தூக்கினால் டக்கென்று கூம்பாக நிமிர்ந்துகொள்ளும். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் எழுந்து உங்கள் வேலையைப் பாருங்கள், கட்டிக் காட்டு என்று மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி: எச்சில் பட்டு அழுக்காகிவிட்டது, வெந்நீரில் போட்டு அலசலாமா?

பதில்: வேண்டாம். உள்ளே தண்ணீர் இறங்கினால் காந்தம் துருப்பிடிக்கும், சூடு அதிகமானால் ஒட்டிய விளிம்பும் விட்டுப்போகும். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து நிழலில் காய விடுங்கள். வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்க நெஞ்சில் பொருத்தும், காந்தம் பாதிக்கக்கூடிய கருவி) இருந்தால் டைல்ஸைச் சட்டைப் பையிலோ மடியிலோ வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.